அவ புள்ளைக்கு எடுத்த டெஸ்டு

அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல உக்காந்திருக்காளே, பச்சைச் சேலை, தலை நெறையப் பூ, அவ மடியில ஒரு புள்ள ஏறி எறங்கிக்கிட்டு இருக்கே, அது எம்மக. அவ மக இல்ல. நீ கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன் தங்கச்சி. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மா அவளப் பாத்து, "ஒம்மக ஒன்னய உரிச்சு வச்சிருக்கா தாயி"ன்னுச்சு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், பையத் தூக்கிக்கிட்டு. "இல்லம்மா, இது எங்க அக்கா மக"ன்னு சொன்னா. சொல்லாம இல்ல. ஆனா மொதல்ல சிரிச்சிட்டு, கொஞ்சம் கழிச்சுச் சொன்னா. அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கு ஆகாது.

அவ பேரு வினோதினி. எங்க கொழுந்தனாரு பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. எம்பேரு பாண்டீஸ்வரி. ராஜபாளையத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து மாவு மில்லு வச்சிருக்காக. ஒரே வீடுதான், நடுவுல ஒரு செவரு, அடுப்பு ஒண்ணு. இப்ப மதுரைக்கு எம்மகளுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கத்தான் போறோம். தைராய்டு. பொறந்ததுல இருந்தே. இப்ப ரெண்டரை வயசாகுது, பேரு மிதுனா. எம்மகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நான் பத்தாதா? பத்தாதாம். "டாக்டரு சொல்றது ஒனக்கு வெளங்காது, வினோதினியையும் கூட்டிட்டுப் போ"ங்கிறாரு எங்க வீட்டுக்காரரு. அவ பி.எஸ்சி., நான் பத்தாப்பு. பத்தாப்புக் கணக்குல நான் எம்பத்தேழு மார்க்கு. அத யாரும் கேக்குறதில்ல.

பொறாமை புடிச்சவன்னு நெனைக்கிற. நெனைச்சுக்க. எங்க தெருவே அப்படித்தான் நெனைக்குது. ஆனா முழுசாக் கேட்டுட்டு நெனை. திருமங்கலம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன்.

அவ எங்க வீட்டுக்கு வந்து நாலு வருசம் ஆகுது. அதுவரைக்கும் நான் ஒருத்திதான் மருமக. நல்ல மருமகன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒருத்தி. எங்க மாமியா என்னய "ஏ பாண்டி"ன்னுதான் கூப்புடுவாக. எனக்கும் அது பழகிருச்சு. அவ வந்த மறுநாளே "வினோதினி, வினோதினி"ன்னு முழுப் பேரையும் சொல்லிக் கூப்புடுறாக. ஒரு எழுத்துக் கொறைக்கல. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்குக் கண்ணுல தண்ணி வருது, வெங்காயத்துக்குத்தான்னு வச்சுக்கயேன்.

அப்புறம் நான் ரெண்டாவது உண்டானேன். மொதப் புள்ள பொம்பளப்புள்ள, அவளுக்கு அப்ப அஞ்சு வயசு. ரெண்டாவது உண்டானதும் வீட்டுல எம்மேல கொஞ்சம் பார்வ திரும்புச்சு. எங்க மாமியா மாங்கா வாங்கிட்டு வந்தாக. எங்க வீட்டுக்காரரு தண்ணிக் கொடத்தத் தொடவிடல. எம்புட்டு நாளுன்னு நெனைக்கிற? பதினெட்டு நாளு. பத்தொம்பதாம் நாளு அவளும் குளிக்காம இருக்கான்னு சேதி. மாங்கா அந்தப் பக்கம் போயிருச்சு.

அவளுக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான போகணும். சங்கரன்கோவில்ல அவ அம்மா வீடு. ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டிட்டுப் போறதுக்கு நாள் குறிச்சாச்சு, அந்த நேரம் பாத்து அவ தம்பிக்கு அம்மை போட்டுருச்சு. மூணு தண்ணி ஊத்துறதுக்குள்ள அவ அப்பாவுக்கு. வயித்துப் புள்ளக்காரிய எப்படி அனுப்புறது? இங்கயே இருக்கட்டும்னு ஆயிருச்சு. ஊரே "பாவம் வினோதினி, தலைப்பிரசவம் மாமியா வீட்டுல"ங்குது. எனக்குத் தாயி இல்ல. எங்கம்மா நான் எட்டாப்பு படிக்கும்போதே போயிருச்சு. என் ரெண்டு பிரசவமும் மாமியா வீட்டுலதான். எனக்கு ஒருத்தரும் பாவம்னு சொன்னதில்ல.

எனக்குச் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆயிருச்சு, வலி வரல. அவளுக்குப் பதிமூணு நாளு இருக்கும்போதே பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சு. அதுலயும் முந்திக்கிட்டா பாத்துக்க. திங்கக்கெழம அவளுக்கு ஆபரேசன் பண்ணி ஆம்பளப்புள்ள. புதன்கெழம எனக்கு சுகப்பிரசவம், பொம்பளப்புள்ள. ஒரே ஆஸ்பத்திரி, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலு, நடுவுல ஒரு தெரச்சீல. பாக்க வர்றவுகல்லாம் மொதல்ல அந்தப் பக்கம் போறாக. அங்க சத்தமாச் சிரிக்கிறாக. அப்புறம் தெரச்சீலைய வெலக்கி எட்டிப் பாத்து, "ஓ, ஒனக்கும் ஆயிருச்சா, பொண்ணா, மகாலட்சுமி"ங்கிறாக. இந்த மகாலட்சுமிங்கிற வார்த்தைய நான் அந்த நாலு நாள்ல கேட்ட மாதிரி எப்பவும் கேட்டதில்ல.

சனிக்கெழம காலையில ஒரு நர்சு பொண்ணு வந்துச்சு. தெரச்சீல சந்துல நான் பாக்குறேன். அவ மகன் குதிகாலத் தொடச்சு, சின்னதா ஒரு குத்து. வட்டம் போட்ட அட்டை ஒண்ணு, கெட்டியா இருக்கு, அதுல ரத்தத்த சொட்டுச் சொட்டா ஒத்தி எடுக்குது. அந்தப் புள்ள ஆஸ்பத்திரியே எந்திரிக்கிற மாதிரி கத்துச்சு. முடிஞ்சதும் இந்தப் பக்கம் வரும்னு பாக்குறேன், வரல. வாசல்ல எங்க மாமியாட்ட கேக்குது, "மூத்தவுக புள்ளைக்கும் எடுக்கலாமாம்மா?" எங்க மாமியா சொல்றாக, "இவளுக்கு வேண்டாம்மா. ரெண்டாவது புள்ள, நல்லாத்தான இருக்கு. எதுக்குப் பச்ச மண்ணப் போட்டுக் குத்திக்கிட்டு."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். பெத்து மூணு நாளு ஆன ஒடம்பு, எந்திரிச்சு நின்னுட்டேன். "அவ புள்ளைக்கு எடுத்த டெஸ்டு எம்புள்ளைக்கு எதுக்கு இல்ல? எம்புள்ள என்ன தவிட்டுக்கு வாங்குனதா?"ன்னு கேட்டேன். "இல்ல பாண்டி, அது வலிக்கும்னு"ன்னு எங்க மாமியா இழுத்தாக. "வலிச்சா வலிக்கட்டும், அவ புள்ளைக்கு வலிக்கலயா? எம்புள்ளைக்கும் எடு"ன்னேன். அது என்ன டெஸ்டு, எதுக்கு எடுக்குறாக, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கேக்கவும் இல்ல. அவளுக்கு உண்டுன்னா எனக்கும் உண்டு, அம்புட்டுத்தான். இத நல்லா ஞாபகம் வச்சுக்க தங்கச்சி. அந்த டெஸ்ட எடுக்க வச்சது நான். ஒருத்தரும் சொல்ல மாட்டாக, அதனால நானே சொல்லிக்கிறேன்.

எம்மகளுக்கும் குத்துனாக. லேசா முனகுச்சு, அம்புட்டுத்தான், திரும்பத் தூங்கிருச்சு. நர்சு பொண்ணே சொல்லுச்சு, "என்னக்கா இது, இம்புட்டு சாதுவா இருக்கு"ன்னு. தெரச்சீலைக்கு அந்தப் பக்கம் கேக்கட்டும்னு நான் சத்தமாச் சொன்னேன், "எம்புள்ள அப்படித்தான்." ரெண்டு அட்டையையும் சன்னல் ஓரமா ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு காய வச்சாக. சாயங்காலம் ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு அனுப்புனாக. அதையும் ஞாபகம் வச்சுக்க.

வீட்டுக்கு வந்தோம். அந்த ஒரு வாரம் இருக்கே, கல்யாணமாகி வந்ததுல இருந்து நான் சந்தோசமா இருந்தது அந்த ஒரு வாரந்தான். எதுக்குன்னா அவ மகன் ராப்பகலா அழுகுறான். பாலு குடிச்சா அழுகுறான், குடிக்காட்டி அழுகுறான், நாளைக்கு இருபது துணி நனைக்கிறான். அவ கண்ணுல கருவளையம், தலையில பூவும் இல்ல ஒண்ணும் இல்ல. எம்மக போட்ட எடத்துல கெடக்கும். நாந்தான் எழுப்பி எழுப்பிப் பாலு குடுக்கணும். ரெண்டு வாயி உறிஞ்சும், தூங்கிரும். வெளிக்கு மூணு நாளைக்கு ஒருக்கத்தான் போவும், எனக்குத் துணி துவைக்கிற வேலையே இல்ல. நாக்கக் கொஞ்சம் நீட்டிக்கிட்டுத் தூங்கும், அதப் பாக்கவே அழகா இருக்கும். நெறம் வேற எலுமிச்சம்பழ நெறம். அவ மகன் அவ மாதிரி இல்ல, கருப்பு. பாக்க வந்தவுகல்லாம் இப்ப எம்பக்கம் வர ஆரம்பிச்சாக. "தங்கமான புள்ள பாண்டி, இருக்கிற எடம் தெரியல"ங்கிறாக. எங்க மாமியாவே அவகிட்ட சொல்றாக, "பெரியவ புள்ளையப் பாரு, எப்படி இருக்குன்னு."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏழு வருசமாக் காத்திருந்தேன் தங்கச்சி. பொய் சொல்லல.

எம்மக பொறந்து பத்தாம் நாளு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரரு மில்லப் பூட்டிட்டு வர்றாரு. மத்தியானத்துல மில்லப் பூட்டுற ஆளு இல்ல அவரு. ஆஸ்பத்திரில இருந்து போனு வந்துச்சாம். "நம்ம புள்ளைக்கு அந்த டெஸ்டுல தைராய்டு கோளாறுன்னு வந்திருக்காம். திரும்ப ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒடனே மாத்திரை ஆரம்பிக்கணுமாம், இன்னிக்கே தூக்கிட்டு வரச் சொல்றாக"ன்னாரு. மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

நான் சிரிச்சேன். நெசமாச் சிரிச்சேன். "நம்ம புள்ளைக்கா? மாத்திப் பாத்திருப்பாக. ரெண்டு அட்டையும் ஒண்ணாக் காஞ்சுச்சு, ஒண்ணா ஒரு கவர்ல போச்சு, ஒரே வீட்டு விலாசம். அவ புள்ளைக்கு வந்தத நம்ம புள்ளைக்குன்னு சொல்லிட்டாக"ன்னேன். செவத்துக்கு அந்தப் பக்கம் அவ மகன் கத்திக்கிட்டு இருக்கான். "கேளுங்க, கோளாறு இருக்கிற புள்ள எதுன்னு காதாலயே தெரியுது. நம்மது வாயே தொறக்கல"ன்னேன். அவருக்கும் அத நம்புறது சுளுவா இருந்துச்சு. பெத்த புள்ளைக்குக் கோளாறுன்னு நம்புறதவிட, அட்டை மாறிப்போச்சுன்னு நம்புறது சுளுவு இல்லயா?

எங்க மாமியாவும், "முப்பது கழியாம பச்ச ஒடம்புக்காரி வாசப்படி தாண்டக் கூடாது. புள்ள நல்லாத்தான இருக்கு"ன்னாக. எங்க மாமியா எம்பக்கம் நின்ன மொத நாளு அதுதான். அந்த சந்தோசத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணல.

சாயங்காலமே அவ வந்துட்டா, வயித்துத் தையலக் கையால புடிச்சுக்கிட்டு. கையில செல்லு. "அக்கா, நான் படிச்சுப் பாத்தேன். கழுத்துல இருக்கிற சுரப்பி சரியா வேலை செய்யலன்னா, புள்ள இப்படித்தான் அழுகாம, பால் குடிக்காம, தூங்கிக்கிட்டே இருக்குமாம். மஞ்சளும் கொறையாதாம். ஒடனே மாத்திரை குடுத்துட்டா ஒண்ணும் ஆகாதாம். நாள் தள்ளினா மூளை வளர்ச்சிக்குத்தான் ஆபத்தாம்"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம்புள்ளைக்கு வந்தத எம்புள்ள தலையில கட்டப் பாக்குறியா? எம்புள்ளைய எல்லாரும் தங்கம்னு சொல்றது ஒனக்குப் பொறுக்கல. ஒனக்குப் பொறாமை"ன்னு சொன்னேன். அவளப் பாத்து நான் சொன்னேன்.

அவ தையலப் புடிச்சுக்கிட்டே திரும்பிப் போயிட்டா. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டா, அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காதது. ரெண்டு வார்த்த திருப்பிப் பேசுனா சண்டை போட்டுட்டு மறந்துரலாம். பேச மாட்டா. நம்மளக் கெட்டவளாக்கிட்டுப் போயிருவா.

பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. மூணு நாளும் ஆஸ்பத்திரில இருந்து போனு. எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்து வந்து கெஞ்சுறாரு. நான் புள்ளைய மடியில போட்டு முந்தானையால மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். "மாறிப்போன ரத்தத்துக்கு எம்புள்ளைக்கு மாத்திரையா? நல்லா இருக்கிற புள்ளைக்குக் குடுத்து ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"ன்னு கேட்டேன். ஒனக்குக் கேட்டா நாயமாத்தான படுது?

பதினாலாம் நாளு காலையில அவ குளிச்சு, மகனத் துணியில சுத்தி, தோள்ல போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா. "சரிக்கா, மாறித்தான் போச்சுன்னு வைங்க"ங்கிறா. "அப்படின்னா கோளாறு எம்மகனுக்குத்தான. எனக்கும் பயமா இருக்குல்ல. ரெண்டு புள்ளையையும் தூக்கிட்டுப் போவோம். ஓங்க கண்ணு முன்னாடியே ரெண்டு பேருக்கும் எடுக்கட்டும். நீங்களே பாத்துக்கங்க"ன்னா.

ஆபரேசன் பண்ணி மூணு வாரம்கூட ஆகல. நல்லா இருக்கிற மகன, டெஸ்டுல ஒண்ணும் இல்லன்னு வந்த மகன, திரும்பக் குத்தக் குடுக்குறேங்கிறா. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, சொல்லவா? இதையும் பெருமைக்குத்தான் செய்யிறான்னு தோணுச்சு. வாசல்ல எதிர்வீட்டு அம்மா நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நாலு பேரு முன்னாடி அவ அப்படிச் சொன்ன பெறகு நான் எப்படி வர மாட்டேங்கிறது? போனேன்.

போறதுக்கு முன்னாடி எம்மக உள்ளங்கால்ல மையால ஒரு பொட்டு வச்சேன். கண்ணேறுக்கு இல்ல. இந்தத் தடவ மாத்தக் கூடாதுன்னு. ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கிற எடத்துல நான் கண்ணு சிமிட்டல. கைநரம்புல எடுத்தாக. மொதல்ல அவ மகன். ஊரக் கூட்டிட்டான். குப்பியில பேரு எழுத வச்சு, நானே வாங்கிப் படிச்சுப் பாத்தேன். அப்புறம் எம்மக. நரம்பு கெடைக்கல. ஒரு தடவ குத்துறாக, ரெண்டு தடவ குத்துறாக, மூணு தடவ. எம்மக வாயத் தொறந்துச்சு. சத்தம் வரல. கரகரன்னு தொண்டைக்குள்ள என்னமோ ஒண்ணு, பூனக்குட்டி சத்தம்கூட இல்ல, அப்புறம் கண்ண மூடிக்கிச்சு. குத்துன பொண்ணு என்னய நிமிந்து பாத்துச்சு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

முடிவு சாயங்காலம் நாலு மணிக்குன்னாக. வீட்டுக்குப் போங்கன்னாக, நான் போகல. லேபு வாசல்ல பெஞ்சுல உக்காந்துட்டேன், மாத்துனா கையோட புடிக்கணும்ல. அவளும் பக்கத்துல உக்காந்திருக்கா, மகனுக்குப் பாலு குடுத்துக்கிட்டு. அவன் சப்புக் கொட்டிக் குடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. எம்மக வாயில வச்சா வழியுது.

அந்த நாலஞ்சு மணி நேரம் நான் சாமி கும்புட்டேன். என்னன்னு கும்புட்டேன் தெரியுமா? எம்புள்ளைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு மட்டும் கும்புட்டா நாயம். நான் அப்படிக் கும்புடல. அவ மகனுக்கு இருக்கணும்னு கும்புட்டேன். அந்தப் பச்சப் புள்ளைக்கு. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, அவ வாங்கிக் குடுத்த டீயக் குடிச்சுக்கிட்டு. இத எங்க வீட்டுக்காரருட்டகூடச் சொன்னதில்ல. ஒங்கிட்ட சொல்றதுக்கு என்ன, நாளைக்கு நீ யாரோ நான் யாரோ.

நாலே முக்காலுக்குக் கூப்புட்டாக. அவ மகனுக்கு நாலு, அது சரியான அளவாம். எம்மகளுக்கு நூறுக்கு மேல, அதுக்கு மேல அந்த மிசினு காட்டாதாம். மாறல. எதுவும் மாறல.

டாக்டரம்மா வஞ்சாக. "போனு பண்ணுன அன்னிக்கே வரச் சொன்னேன்ல. ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னுதான் நாங்க அடிச்சுக்கிறோம். இன்னிக்குப் பதினாலு. கடைசி நாள்ல வந்து நிக்கிறீங்க"ன்னாக. அப்புறம் கழுத்து, சுரப்பி, மூளைன்னு எல்லாத்தையும் வெளக்குனாக. எம்மூஞ்சியப் பாத்தா? இல்ல. அவ மூஞ்சியப் பாத்து. அவ தலைய ஆட்டி ஆட்டிக் கேக்குறா. பெத்தவ நான் ஓரத்துல நிக்கிறேன். "அம்மா நீங்களா?"ன்னு அவளத்தான் கேட்டாக டாக்டரம்மா. அன்னைக்கும் அவ கொஞ்சம் கழிச்சுத்தான் சொன்னா, "இல்ல டாக்டர், அக்கா"ன்னு. சரி, அன்னைக்கு அவ அழுதுக்கிட்டு இருந்தா, அதனால வார்த்த வரல. அத ஒத்துக்கிறேன்.

மாத்திரை ஆரம்பிச்சோம். காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல. மாத்திரையக் கரண்டியில பொடிச்சு, தாய்ப்பால்ல கரைச்சு, நாக்குல வைக்கணும். அப்புறம் அரை மணி நேரம் ஒண்ணும் குடுக்கக் கூடாது. ஒரு நாளு தவறக் கூடாது. நான் தவறவிடல, எழுதி வச்சுக்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாளு தவறல. ஆனா வீட்டுல பேச்சு என்ன? "வினோதினி மட்டும் இல்லேன்னா இந்தப் புள்ள கதி என்ன ஆகியிருக்கும்." எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, எங்க மாமியா சொல்றாக, முப்பது கழியட்டும்னு சொன்ன அதே எங்க மாமியா. எதிர்வீட்டு அம்மா தெருப் பூராவும் சொல்லிருச்சு. வினோதினி, வினோதினி, வினோதினி.

நான் கேக்குறேன், நான் மட்டும் பொறாமைப்படலேன்னா? அன்னைக்கு அவ புள்ளைக்குக் குத்துனதப் பாத்து எனக்கு வயிறு எரியலேன்னா? எங்க மாமியா வேண்டாம்னு சொன்னத நல்ல மருமகளாக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்னா? டெஸ்டும் இல்ல, போனும் இல்ல, மாத்திரையும் இல்ல. தங்கமான புள்ள, தங்கமான புள்ளன்னு ஊரு சொல்லச் சொல்ல எம்மக அப்படியே கெடந்திருக்கும். அத யாராச்சும் சொல்றாகளா? எங்க வீட்டுக்காரருட்ட கேட்டுட்டேன். "நாலு நாளு மடியில வச்சு மூடிக்கிட்டு உக்காந்திருந்தது யாரு?"ங்கிறாரு. நாலு நாளெல்லாம் ஒரு நாளா. டாக்டரம்மாவே சொல்லிட்டாக ஒண்ணும் பயமில்லன்னு. ஒவ்வொரு தடவ போகும்போதும் நான் கேக்குறேன், அந்த நாலு நாளுனால ஏதாச்சும் இருக்குமான்னு. ஒவ்வொரு தடவையும் இல்லங்கிறாக. இன்னிக்கும் கேப்பேன்.

சரி, இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது வேற ஒண்ணு.

மாத்திரை ஆரம்பிச்சு பத்தொம்பது நாளு இருக்கும். காலையில பதினோரு மணி, நல்ல வெயிலு. முப்பது கழிஞ்சு தலைக்கு ஊத்தியாச்சு, நான் கொல்லையில கல்லுல துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன். எம்மகளப் பாலு குடுத்துத் தொட்டில்ல போட்டுட்டு வந்திருந்தேன். வீட்டுக்குள்ள இருந்து அழுக. எப்படிப்பட்ட அழுகங்கிற, ஓடு பெயர்ற மாதிரி. மூச்சுப் புடிச்சு மூச்சுப் புடிச்சு அழுகுது. நிறுத்தவே இல்ல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. ஒரு மாசமா இந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு எனக்கு. "ஏ வினோதினி, புள்ளைய அழுகவிட்டுட்டு எங்கடி போய்த் தொலைஞ்ச? பி.எஸ்சி. படிச்சா மட்டும் போதுமா, புள்ளையத் தூக்கத் தெரியாதா? எம்மக தூங்குது, எழுப்பிராத"ன்னு வாயில வந்ததெல்லாம் வஞ்சேன். துணிய அடிச்சு அடிச்சு வஞ்சேன். நான் விடல. அஞ்சு நிமிசம் இருக்கும்.

அப்புறம் நிமிந்து பாக்குறேன், கொல்லை வாசப்படியில நிக்கிறா. தோள்ல அவ மகன். நல்லாத் தூங்குறான். வாயி தொறந்திருக்கு, அவ சட்டையில எச்சி வடியுது. உள்ள அழுக நிக்கல.

"அக்கா, அழுகுறது ஓங்க மக"ன்னா.

சோப்பு நொரையோட ஓடுனேன். தொட்டில்ல எம்மக. மூஞ்சியெல்லாம் செவந்து, ரெண்டு கையையும் முறுக்கிக்கிட்டு, காலால தொட்டில ஒதைச்சுக்கிட்டு, பசிச்சு, கோவமா, என்னயத் தேடி அழுகுது. பொறந்ததுல இருந்து என்னய எதுக்கும் கூப்புடாத புள்ள. நான் தூக்கல. கொஞ்ச நேரம் தூக்காம தொட்டிலப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டேன். அழுகட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறந்தான் தூக்கிப் பாலு குடுத்தேன். வலிக்க வலிக்கக் குடிச்சுச்சு.

குடுத்துக்கிட்டே நிமிந்து பாக்குறேன், அவ நெலையில சாஞ்சு நிக்கிறா. கண்ணு ரெண்டும் செவந்திருக்கு. நெறைய நேரமா அழுதிருக்கா. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. நான் கொல்லையில வஞ்சுக்கிட்டு நின்ன அந்த அஞ்சு நிமிசமும் அவ அந்தத் தொட்டில் பக்கத்துலதான் நின்னுருக்கா. ஏன் தூக்கலன்னு கேட்டேன். "நீங்க வந்து கேக்கட்டும்னு நின்னேன்க்கா"ன்னா. எனக்காக விட்டுக்குடுத்தாளாம். விட்டுக்குடுத்துட்டு அவ முழுசாக் கேட்டிருக்கா.

மாமியாவ எடுத்துக்கட்டும், பேரையும் புகழையும் எடுத்துக்கட்டும், டாக்டரம்மா அவ மூஞ்சியப் பாத்தே பேசட்டும். அதையெல்லாம் நான் விட்டுருவேன் தங்கச்சி. ஆனா எம்மக மொத மொதல்ல வாய் தொறந்து அழுதப்ப, பெத்தவ நான் அத வேற யாரு புள்ளையோன்னு நெனைச்சு வஞ்சுக்கிட்டு நிக்கிறேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அது யாரு சத்தம்னு. எனக்குத் தெரியல. அவள நான் எப்படி மன்னிக்கிறது, சொல்லு.